மகன்கள் கட்டம்

“பாண்டிராஜ் தம்பி, உங்க ஆன்லைன் பாரத்துல எத்தனை மகன், மகள் பேரு அடிச்சாலும் கடைசிப் பேரு மட்டுந்தான் வருது,” என்று போனில் அலுத்துக்கொண்டார், அருப்புக்கோட்டையில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் அருஞ்சுனை. “இப்பத் திருச்சுழிப் பக்கமிருந்து கண்ணீர் அஞ்சலி ஆர்டர் ஒண்ணு. செத்தவரு பேரு சங்கையா. மகன்னு விஜயபாண்டி ஒருத்தரு பேருதான் நிக்கிது.”

அந்தப் பாரத்தைச் செய்துகொடுத்த பாண்டிராஜ், கோவையில் தன் அறையில் இருந்தபடியே அதன் நிரலைத் திறந்தான். பெயர்களை வரிசையாகச் சேர்க்கும் பட்டியலில் ஒரு ஜோடி அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. அதனால் பின்னால் வந்த பெயர் முன்னால் வந்ததை அழித்துவிட்டிருந்தது.

“சரி பண்ணிட்டேன்ணே. அவுகளை மறுபடி நிரப்பச் சொல்லுங்க.”

பத்து நிமிடத்தில் அருஞ்சுனை கூப்பிட்டார். “மகள் மூணு பேரும் வந்துருச்சு. பேரப்பிள்ளைக ஏழும் வந்துருச்சு. மகன் மட்டும் அதே விஜயபாண்டிதான்.”

“அவருக்கு முன்னால ஒரு பேரு இருக்கணும்ணே. கேட்டுப் பாருங்க.”

“கேட்டுட்டேன். ஒரே மகன்தானாம். தப்பு உங்க மேல இல்ல தம்பி.”

பாண்டிராஜ் போனை வைத்தான்.

“யாருங்க?” என்று கேட்டாள், தன் வீட்டார் எதிர்ப்பை மீறி அவன் கட்டிக்கொண்ட ஜெசிந்தா.

“எங்கப்பா இறந்துட்டாரு.”

“ஐயோ! கிளம்புங்க. மூத்தவர் நீங்கதானே கொள்ளி வைக்கணும்?”

அவன் மடிக்கணினியை மூடினான்.

“ஒரே மகன்னு தம்பி எழுதிக் குடுத்துட்டான்.”