சந்தனம் வைத்த கம்பி

பொத்தானை மறுபடியும் அழுத்தினாள்.

திரையில் அதே சிவப்பு எழுத்து. கம்பி பழுது.

குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு தரும் வார்மரின் தட்டில் குழந்தை. பிறந்து முக்கால் மணி நேரம். எடை ஆயிரத்து நானூறு கிராம். நாள் நிறையாமல் வந்த குழந்தைக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது.

மேலிருந்து அனல் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

அந்த மலை ஆஸ்பத்திரியின் நர்ஸ் அவள். நேற்று ஆயுத பூஜை. எடை மெஷின், கத்தரிக்கோல், மருந்து பீரோ, எல்லாவற்றுக்கும் அவள்தான் பொட்டு வைத்தாள். வார்மருக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். எந்த நாட்டிலிருந்தோ தானமாக வந்தது. மலைக்கே அது ஒன்றுதான். அதன்மேல் அவளுக்கு அத்தனை பிரியம்.

குழந்தையின் வயிற்றில் ஒட்டுகிற கம்பியின் நுனியில் சின்னதாக ஒரு வட்டத் தகடு. பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

காலையில் பார்த்தால் காய்ந்துபோய் வரவே மாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டினாள். ஈரப் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள்.

ஒரு தரம் மெஷினைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதா? தோன்றவில்லை. பாவி.

குழந்தையின் உடல் சூட்டைக் கம்பி அளந்து சொன்னால்தான் மெஷின் சூடு தரும். கம்பியில்லாமல் சூடு வைக்கிற பொத்தான் போன வருஷமே போய்விட்டது. கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினாள். இந்த ரகத்தை இப்போது செய்வதில்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது.

இன்று விஜயதசமி. மெக்கானிக் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் கம்பிக்கு எங்கே போவான்?

தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. டாக்டர் அவளோடு ஆம்புலன்சில் ஏறி மலையிறங்கிவிட்டார். வார்மர்தான் இருக்கிறதே, அடுத்த வண்டி வரும்வரை குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

"சட்டையக் கழட்டுங்கண்ணா," என்றாள் தகப்பனிடம்.

சடையப்பன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். குழந்தையை அவன் வெற்று மார்போடு ஒட்டிப் படுக்கவைத்தாள். தலைக்குக் குல்லா போட்டாள். மேலே துண்டைச் சுற்றி, அதன்மேல் தன் ஸ்வெட்டரையும் சுற்றினாள். ஜன்னல்களைச் சாத்தினாள்.

கால் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்தாள். முப்பத்தாறரைக்குக் கீழே போகக் கூடாது.

முப்பத்தைந்து புள்ளி ஒன்பது.

முப்பத்தைந்து புள்ளி ஏழு.

புள்ளி ஐந்து.

ஒவ்வொரு தரமும் அவன் எண்ணைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான். வருகிற இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழைய மெஷின், அதான் மக்கர் பண்ணுகிறது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

நாற்காலியில் கிடந்த அவன் சட்டைக்குள் போன் அடித்தது.

அவன் இரண்டு கையும் குழந்தையின்மேல் இருந்தன. அவளே எடுத்து அவன் காதோடு வைத்துப் பிடித்தாள்.

அவன் மனைவி. குரலில் பலமே இல்லை. பாப்பா எங்கே என்று கேட்பது இவளுக்கும் கேட்டது.

"மெஷின்லதான் இருக்குது. நல்லா சூடா இருக்குது. நீ பேசாம படு."

அந்தப் பக்கம் மறுபடி ஏதோ கேட்டது. அவன் நிமிர்ந்தான்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க சிஸ்டர்."

காதை விலக்கிக்கொண்டான்.

போன் அவள் கையில் இருந்தது.