காத்து வாங்கும் கடை

"இங்கேயா?" என்றாள் அவள்.

கேட்டுப் பிரயோஜனமில்லை. கணவர் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயாகிவிட்டது.

இன்று அவர்களுடைய கல்யாண நாள். காலைக் கடிக்கும் புதுச் செருப்பைப் பொறுத்துக்கொண்டு அவள் கிளம்பி வந்ததே இந்தத் தெருவின் மாடி ஓட்டலுக்காகத்தான். அங்கே போய்வந்த தங்கை அதைப் பற்றி அளந்த அளப்பில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் ஓட்டலுக்கா பஞ்சம்? தையல் கடை, பெயின்ட் கடை எல்லாம் காலி செய்த இடத்தில் முளைத்தது பூராவும் சாப்பாட்டுக் கடைதான். மேசையிலேயே அடுப்பை வைத்து நம்மிடமே கரண்டியைக் கொடுத்துவிடுகிற கடை ஒன்று. காளானைத் தவிர வேறெதுவும் கிடைக்காத கடை ஒன்று. பெயரே வாயில் நுழையாத கடைகள் நாலைந்து. அத்தனையையும் விட்டுவிட்டு, ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையாகப் பார்த்து நுழைந்திருக்கிறார் மனுஷன்.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. சனிக்கிழமை வெளியே சாப்பிடக் கிளம்பினால், ஊரே முண்டியடிக்கிற கடையைத் தாண்டிப் போய் ஆள் அரவமில்லாத கடையைத்தான் பிடிப்பார். அத்தனை மேசையும் காலியாகக் கிடந்தாலும் ஜன்னலோரம்தான் வேண்டும். வீட்டில் ஐந்து நிமிஷத்தில் தட்டை வழித்துவிட்டு எழுகிறவர், அங்கே ஒரு சூப்பை அரை மணி நேரம் குடிப்பார். அதுவாவது போகட்டும் என்றால், நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஒருநாளாவது அவள் கடைசியில் இனிப்பு சாப்பிட்டுவிட்டு எழுந்ததாகச் சரித்திரமில்லை.

கடைக்காரர் சின்ன வயசுதான். சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு தரம் துடைத்தபடி, உள்ளே ஏசி பக்கத்தில் நல்ல இடம் இருக்கிறதே என்றார்.

"வேணாம் தம்பி, இந்த ஜன்னலே போதும்."

சாயங்கால வெயில் நேராக அவள் கண்ணில் அடித்தது. சூப்போடு வந்த நூடுல்ஸில் உப்பு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம். அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி பிரமாதம் என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா ஏங்க என் உசுர வாங்குறீங்க?"

கூட்டத்தில் போய் எதற்கு இடிபட வேண்டும் என்று ஏதோ முனகினார்.

"காரணத்த நான் சொல்லட்டுமா? நம்ம கடைய மூடினதுலேர்ந்து, கூட்டமா இருக்கிற கடையக் கண்டாலே உங்களுக்கு வயிறு எரியுது. இந்த மாதிரி கடையிலகூட நாலு பேரு வந்துட்டா உங்களால உக்கார முடியல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

சேமிப்பையெல்லாம் கொட்டி அவர் ஆரம்பித்த ஓட்டல் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. வீட்டில் யாரும் வாயெடுக்காத விஷயம் அது. சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனாலும் கோபம் அடங்கினால்தானே? கைப்பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டாள். அவர் கூப்பிடவில்லை.

எதிர்ச்சாரியில் நின்று டாக்ஸியைத் தேடியபோதுதான் திரும்பிப் பார்த்தாள். கடை இருண்டு கிடந்தது. ஜன்னலில் மட்டும் வெயில் பட்டு அவர் பளிச்சென்று தெரிந்தார்.

மறுபடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, எப்போதோ ஆறிப்போன சூப்பைக் கரண்டியில் தூக்கி ஊதி ஊதி, தலையை ஆட்டி ஆட்டி ருசித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேச்சு கேட்ட பிறகும் இவருக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

குழந்தையோடு வந்த ஒரு ஜோடி கடைவாசலில் தயங்கியது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நகரப் போனார்கள். ஜன்னலில் இருந்தவரைப் பார்த்ததும் நின்றார்கள். ஏதோ பேசிக்கொண்டார்கள். உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் முடிந்து வந்த பெண்கள் சிலர். அவர்களும் முதலில் பார்த்தது அவர் தட்டைத்தான். கடைக்காரர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

டாக்ஸி ஒன்று வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

அவர்கள் கடையிலும் இப்படித்தான் ஆட்கள் வாசல் வரை வருவார்கள். எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே யாரும் இல்லையென்றதும் போய்விடுவார்கள். கல்லாவில் அவர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருப்பார். ஜன்னல்கிட்ட ஒரே ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று கடையை மூடுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அவர் பில் கொடுத்துவிட்டு எழுந்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பவே போய் நின்னா மாடிக் கடையில இடம் கிடைச்சிடும். இனிப்பாவது அங்க சாப்பிடு, வா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அங்கதான் கூட்டம் அலைமோதுதே, நமக்கு என்ன வேலை? தெருக்கோடியில ஒரு ஐஸ்கிரீம் கடை காத்து வாங்குது. வாங்க, ஜன்னலோரமா உக்காரலாம்."