பதினாறாம் தேதி

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியின் கூரை இடுக்கில் இறங்கும் காலை வெயில், மேசையில் கிடக்கும் கடிதத்தின் மேல் விழுகிறது. வர்ஷாவை ஜூன் விடுமுறைக்குத் திருச்சிக்கு அழைத்துப்போக அவள் அம்மா தர வேண்டிய சம்மதக் கடிதம் அது. தினகரனே டைப் செய்து கொண்டுவந்திருக்கிறான். விவாகரத்தான பிறகு கோர்ட் உத்தரவுப்படி விடுமுறையில் பாதிதான் அவனுக்கு. பதினான்காம் தேதியோடு முடிகிறது. யோகேஸ்வரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிறாள். "லாயர்கிட்ட காட்டிட்டுத்தான் கொண்டுவந்தேன்" என்கிறான். அவள் பேனாவைத் திறந்து, திரும்பும் தேதியைக் கோடிட்டு அடிக்கிறாள். அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைக்கிறான். "யோகா, ஒரு நாளக்கூடக் குறைக்காத லா." "குறைக்கல." பதினாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறாள். "பதினஞ்சு ஃபாதர்ஸ் டே. இப்பவே கார்டு செஞ்சு துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க." கைப்பையிலிருந்து மகளின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடிதத்தின் மேல் வைக்கிறாள். திருத்திய இடத்தில் அவனும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் விரல் இடத்தைக் காட்டுகிறது. கரும்புச்சாறு கடை முன் நிற்கும் வர்ஷா திரும்பிப் பார்க்கிறாள். ஒரே தாளின் மேல் இரண்டு தலைகளும் குனிந்திருக்கின்றன. கடைக்காரரிடம் ஒரு விரலை நீட்டியிருந்தவள், அதை மூன்றாக மாற்றுகிறாள்.