நாலாம் மாடித் தொலைநோக்கி

"டெலஸ்கோப் வெச்சுக்கிட்டு நம்ம பில்டிங்ல யாரும் குடியிருக்க முடியாது. அவ்வளவுதான்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேஜையைத் தட்டினார். கூட்டம் மொத்தமும் தலையாட்டியது.

இத்தனைக்கும் நாலாம் மாடிப் பெண் இன்னும் எதையும் வாங்கவில்லை. வாங்கலாம் என்றிருப்பதாக லிஃப்டில் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்து, அவளுக்கு முன்பே கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

நாலாம் மாடியில் வாடகைக்குத் தனியாக இருக்கிறாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பகல் பூராவும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடப்பவளுக்கு, பின்பக்க பால்கனியிலிருந்து தெரிகிற ஏரிதான் உயிர். பழைய பைனாகுலரில் அக்கரைப் பறவையெல்லாம் வெறும் புள்ளியாகத்தான் தெரிந்தது. அதனால்தான் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்கிற ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றுக்கு ஆசைப்பட்டாள், அதுவும் விலை குறைந்ததாக.

தனியாக இருக்கிற பெண் என்றால் ஆளாளுக்கு நாட்டாமை. எத்தனை ஜன்னல், எத்தனை குடும்பம், மானம் மரியாதை என்னாவது என்று செயலாளர் நீட்டி முழக்கினார். வாங்கினால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று முடித்தார்.

அவள் கெஞ்சுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"வாங்கத்தான் சார் போறேன். சந்தேகம் இருந்தா நீங்களும் கடைக்கு வாங்க. எதை வாங்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க."

பொதுநலம் கருதி அவரும் போனார்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வாசலில் நிறுத்தினார். முதலாவதின் பெட்டியில் பெரிய எழுத்தில் அறுபது மடங்கு என்று போட்டிருந்தது. அவள் அதைத் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த புறாவுக்குத் திருப்பி, பெரிதாக்கும் வளையத்தைக் கடைசி வரை திருகினாள். புறா பாலில் முக்கியதுபோல் மங்கிப் போனது.

"நம்பர்தான் பெருசு," என்று அதை ஒதுக்கினாள்.

இரண்டாவது சின்னது. ரொம்பக் கிட்டே இழுக்காது. ஆனால் புறாவின் கழுத்துப் பச்சை பளிச்சென்று தெரிந்தது. பார்க்கிற முனை சாய்வாக இருந்ததால் கழுத்தும் வலிக்காது. விலையும் அவள் கைக்கு அடக்கம்.

மூன்றாவது கடையிலேயே பெரியது. அதன் விலையைக் கேட்டுவிட்டு அவள் தொடக்கூட இல்லை.

செயலாளர் தொட்டார். மூன்றையும் எதிர்க் கட்டட ஜன்னல்கள் பக்கம் திருப்பித் திருப்பிச் சோதித்தார். கடமை என்றால் அப்படியொரு கடமை. மூன்றாவதை விட்டுக் கண்ணை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"இது ஆபத்து. சட்டைப் பட்டன்கூடத் தெரியுது. இதை நான் அனுமதிக்கவே மாட்டேன். அந்தச் சின்னதுல முகம் சரியாத் தெரியல. வேணும்னா அதை வாங்கிக்கோ."

அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்ச நேரம் ஏரி அவளுடையது. முக்குளிப்பான் ஒன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியதைப் பார்த்த அன்று, பரிசோதனைக்கு வந்தவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த மாதக் கூட்டம் வரைதான்.

எதிர்க் கட்டடத்துக்காரர்கள் கோபத்தோடு வந்து நின்றார்கள். சாயங்காலமானால் இந்தப் பக்கத்து ஜன்னல் ஒன்றில் கண்ணாடி மின்னுகிறதாம். யாரோ நோட்டம் விடுகிறார்களாம். பெண்பிள்ளைகள் திரையை விலக்கவே பயப்படுகிறார்களாம்.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"நான் அன்னிக்கே சொன்னேன், யாரும் கேட்கல," என்றார் செயலாளர். "மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடும்மா. உனக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

அவள் விருட்டென்று எழுந்தாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"நான் காலி பண்ண மாட்டேன் சார். என் வீட்டுல எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் ஏரிதான் தெரியும். யார் வேணும்னாலும் இப்பவே வந்து பார்க்கலாம். இந்த பில்டிங்ல இன்னொரு டெலஸ்கோப் இருக்கு. அதையும் பார்த்துடலாமா?"

"இன்னொண்ணா? யார்கிட்ட?" என்று எதிர்க் கட்டடத்துக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

"ஸ்டாண்டுக்கு ஸ்க்ரூ மாத்தக் கடைக்குப் போனேன். செயலாளர் சாருக்கு அந்தப் பெரியது நல்லா வேலை செய்யுதான்னு கடைக்காரர் விசாரிச்சார். நாங்க போயிட்டு வந்த மறுநாளே தனியா வந்து வாங்கிட்டுப் போனாராம்."

எல்லாத் தலையும் இப்போது செயலாளர் பக்கம் திரும்பியது. செயலாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்தார்.

"ஆமா, வாங்கினேன். அதுல என்ன தப்பு? இந்தப் பொண்ணைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. நானும் பறவைதான் பார்க்கிறேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெதுவாக எழுந்தாள்.

"என்கிட்டயும் பறவைன்னுதான் சொன்னீங்க. நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டு ஜன்னலைத் தவிர வேற என்னங்க தெரியுது?"