கையகலக் காயம்

ஈரத்துணியில் கரி ஒட்டியிருந்தது.

இவள் துணியைப் புரட்டி இன்னொருமுறை துடைத்தாள். மாதாவின் மர முதுகிலிருந்த தீக்காயம் பாதி துணியோடு வந்துவிட்டது.

கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

திருவிழாவுக்கு முன்னால் மாதாவுக்குப் புது உடை உடுத்துவது தியோதோராவின் குடும்பத்து உரிமை. வேறு யாரும் அந்த முதுகைப் பார்க்கக் கூடாது. எரிமலை வெடித்துப் பழைய ஊர் எரிந்தபோது, தியோதோராவின் கொள்ளுப்பாட்டிதான் மாதாவைச் சுமந்துகொண்டு ஓடி வந்தாளாம். நெருப்பு மாதாவின் முதுகைச் சுட்டதாம். அந்தக் கிழவி களைத்து விழுந்த இடம்தான் இந்த சான் திமோதேயோ ஊர். பள்ளிக்கூடச் சுவரிலும் அவள் படம்தான்.

இவளுடைய கொள்ளுப்பாட்டியும் அன்று ஓடி வந்தவள்தான். ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு.

கோழிக்கு யார் திருவிழா எடுப்பார்கள்?

எத்தனை வருஷம் இவள் வயிறெரிந்திருக்கிறாள். உடுத்தி முடித்து வெளியே வரும் தியோதோராவைப் பெண்கள் மொய்த்துக்கொள்வார்கள். காயம் எவ்வளவு பெரிது என்று கேட்பார்கள். தியோதோரா கண்ணை மூடி, "கையகலம்" என்பாள்.

அந்தக் கண்ணை மூடுவதைத்தான் இவளால் தாங்க முடிந்ததில்லை.

தியோதோராவின் விரல் நுனி கறுத்திருக்கும். தூபக்கலசம் பிடித்த கை என்பாள்.

இந்த வருஷம் தியோதோராவுக்கு மணிக்கட்டு உடைந்தது. மாதாவுக்கு உடுத்தப் பங்குச்சாமி இவளைக் கூப்பிட்டார்.

"முதுகத் தொடைக்காத. துணிய மட்டும் மாத்திடு," என்று கோயில் வாசல்வரை வந்து சொன்னாள் தியோதோரா.

பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்தாள் இவள். அதற்காகவே அழுத்தித் துடைத்தாள்.

கரிக்குக் கீழே மரம் வழவழவென்று இருந்தது. ஒரு பொறிகூடப் படாத மரம்.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டிவிடலாம். தியோதோராவின் மூக்கு உடையும்.

அப்புறம் கண்ணை மூடிச் சொல்ல இவளுக்கு என்ன இருக்கும்?

தூபக்கலசத்தில் கரி ஆறியிருந்தது. விரலால் தொட்டு மாதாவின் முதுகில் தடவினாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் தடவினாள். கொஞ்சம் தாராளமாகவே தடவினாள்.

வெளியே பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். தியோதோரா கட்டுப்போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இவள் கண்ணை மூடினாள்.

"கையகலமா? யாரு சொன்னா? ரெண்டு கை அகலம் இருக்கு."

கண்ணைத் திறந்தபோது, தியோதோரா இவளுடைய விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அவளும் இரண்டு கை அகலம் தடவியாக வேண்டும்.