ஒரே கட்டத்தில் மூன்று பேர்

ஜன்னல் வெயில் விழும் கம்ப்யூட்டர் திரையில் என் ஜாதகத்தை விரிக்கிறார் ஜோசியர். கூட்டாளிக்குரிய ஏழாம் வீட்டில் செவ்வாயும் சனியும் சேர்ந்திருக்கிறதாம், கூடச் சேருகிறவள் என்னைக் கவிழ்த்துவிடுவாளாம். அதனால் நானும் தோழியும் பிசியோதெரபி கிளினிக் வைக்கக் கேட்ட முன்னறையின் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறாள் அம்மா. வீட்டின் முதல் பட்டதாரியை மறிக்க இந்த ரெண்டு கிரகம் போதும்! "பிறந்தது காலை ஆறேகால்தானே?" என்கிறார் ஜோசியர். "காலையா?" என்கிறாள் அம்மா. "இவ பிறந்த அஞ்சாவது நிமிஷம் இவ அப்பா வேலை முடிஞ்சு, காலி டிபன் பாக்ஸோட வந்து நின்னாரே!" அவர் காலையை மாலையாக்கித் தட்டுகிறார். எதிர்ப்பக்கம் இருந்த 'ல', என் லக்னம், நான், தாவி வந்து அந்த ரெண்டோடு ஒரே கட்டத்தில் உட்காருகிறது. "கோபம், பிடிவாதம் எல்லாம் உங்க பொண்ணுக்குத்தாம்மா. கூட்டாளிதான் ஜாக்கிரதையா இருக்கணும்." ஜன்னலுக்கு ஓடுகிறேன். கீழே ஸ்கூட்டரில் தோழி. "ஏய், வில்லி நீ இல்லடி, நான்தான்!" "அது காலேஜ்லயே தெரியும். சாவி கிடைச்சுதா?" என் முதுகுக்குப் பின்னால் ஜிப் திறக்கிற சத்தம் கேட்கிறது.