ரூம் ஜில்லுன்னு இருக்கணும்

"பதினாறுல வச்சும் வேர்க்குதுன்னா, இது ஏசியா, இல்ல டேபிள் ஃபேனா?"

ஏணி மேல் நின்ற மெக்கானிக்கைப் பார்த்து ஸ்டோர்கீப்பர் கேட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் ஸ்டோர்கீப்பர்தான். வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இடம் மாறியிருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

மெக்கானிக் ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொட்டுத் தூசி இல்லையே சார்!"

"ஞாயிறு தவறாம கழுவுறேன். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாச்சு. கதவுக்கு அடியில துணி சுருட்டி வச்சாச்சு. இதுக்கு மேல என்ன செய்ய, நானே உள்ள உக்காந்து ஊதணுமா?"

"ஊதினாலும் ஊதுவார்" என்றாள் மனைவி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டபடி. "சாயந்திரம் பொண்ணு வர்றா. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ரூம் ஜில்லுன்னு இருந்தா ஒரு மாசம் இருப்பேன், இல்லன்னா நாளைக்கே பெட்டியைத் தூக்கிடுவேன்னு கறாரா சொல்லிட்டா."

ஸ்டோர்கீப்பர் ரிமோட்டை எடுத்து இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். பேத்தியை அவர் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். ஒரு மாசம் மடியில் வைத்துக் கொஞ்சலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்த மனுஷன்.

"முன்னாடி நல்லா இருந்துச்சா சார்?"

"அமோகமா இருந்துச்சு. போன வருஷம் மொட்டை மாடிக்கு ஓடு பதிச்சப்போ, மேல இருந்த மெஷினையெல்லாம் கழட்டி மாட்டினாங்க. அதுலேர்ந்தே சுமார்தான். இந்த ஒரு மாசமா சுத்த மோசம்."

"மாடி வீட்ல மட்டும் ஜம்முனு குளிருதாம்" என்று மனைவி எடுத்துக் கொடுத்தாள். "நாங்க ரெண்டு போர்வை போத்திக்கிறோம் சார்னு அந்த வீட்டுக்காரரு போன மாசம் வாசல்ல நின்னு சொன்னார். அன்னிக்கு இவர் சரியா சாப்பிடவே இல்ல."

"எனக்குப் பசிக்கல, சாப்பிடல. அதுக்கும் போர்வைக்கும் என்ன சம்பந்தம்?" போர்வை என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. ராத்திரி நாம ஹால்ல படுக்கணும். அந்தப் பழைய மெத்தை எங்கங்க போச்சு? ரெண்டு நாளா தேடுறேன்."

"குப்பை வண்டிக்காரர்கிட்ட குடுத்தாச்சு. மெக்கானிக், வாங்க, மேல போய் அவுட்டோரைப் பாத்துடலாம்."

மொட்டை மாடியில் இரண்டு அவுட்டோர் மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே கம்பெனி, ஒரே நிறம். இடது பக்கம் இருந்ததைப் பார்த்ததும் மெக்கானிக் வாயைப் பிளந்தார். தலைக்கு மேல் தகரக் கூரை, உடம்பில் பளபளப்பு, சுற்றிலும் காற்று ஓட ஏகப்பட்ட இடம்.

"இதுதான் உங்களுதா? மாப்பிள்ளை மாதிரில்ல வச்சிருக்கீங்க!"

"பின்னே? வாரா வாரம் குளிப்பாட்டுறேன். அந்தக் கூரைகூட நானே அடிச்சதுதான்."

மெக்கானிக் விசிறிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அருமையா ஓடுதே. அப்புறம் ஏன் கீழ குளிரல?"

அப்போதுதான் வலது பக்கத்திலிருந்து வந்த முனகல் அவர் காதில் விழுந்தது. அந்த மெஷினின் முகத்தை அடைத்துக்கொண்டு, தார்ப்பாய் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பெரிய மூட்டை சாய்ந்திருந்தது.

"அடப்பாவமே, இதுக்கு மூச்சு முட்டுதே! சூடு வெளிய போக வழியில்லன்னா வீட்டுக்குள்ள எப்படிக் குளிரும்?" என்று மூட்டையை நகர்த்தப் போனார்.

"அதைத் தொடாதீங்க!" ஸ்டோர்கீப்பரின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அது மாடி வீட்டுக்காரரோட மெஷின். அவரு மூட்டுவலிக்காரர், மேல ஏறி வர்றதே இல்ல. நமக்கெதுக்கு ஊர் வம்பு?"

மெக்கானிக் தரையோடு போன குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு சந்தேகம் சார். அம்மாவை ஏசியை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

ஸ்டோர்கீப்பர் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பண்ணிட்டேன்!" என்று கீழிருந்து பதில் வந்தது.

தகரக் கூரைக்கு அடியில் விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இவ எந்த ஸ்விட்சை அமுக்கினாளோ" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். வலது பக்கத்து முனகல் நின்றுபோயிருந்தது.

"ஓடு பதிச்சவங்க இடம் மாத்தி வச்சிட்டாங்க சார்" என்றார் மெக்கானிக். "நீங்க குளிப்பாட்டினது, கூரை போட்டது எல்லாமே மாடி வீட்டுக்காரருக்குத்தான். அவரு ரெண்டு போர்வை போத்தாம வேற என்ன செய்வார்?"

அதற்குள் மனைவி போனும் கையுமாக மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"பொண்ணு லைன்ல இருக்கா. ரூம் ஜில்லுன்னு ஆச்சான்னு கேக்குறா!"

"ஒரு மணி நேரத்துல ஆயிடும்மா, தைரியமா வரச் சொல்லுங்க" என்றபடியே மெக்கானிக் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். "எந்தப் புண்ணியவானோ உங்க மெஷினை இப்படி அடைச்சு வச்சிருக்கான்."

தார்ப்பாய் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்ததை மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம பழைய மெத்தையில்ல?"